டீக்கடையை முறைத்த தலைவர்

சைன்போர்டு எழுதிப் பிழைப்பதில் ஒரு சௌகரியம், எழுத்து யாரையும் முறைக்காது. முகம் வரைய உட்கார்ந்தோமோ, தீர்ந்தது கதை. பிரஷ் பிடித்துச் சீரழிந்த சகபாவிகள் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. உச்சிப்புளி கடைத்தெருவில் நான் போர்டுக் கடை வைத்திருந்தேன். படிப்பகம் திறக்கப்போகிறோம், அதில் மாட்ட ஒரு தேசத் தலைவர் படம் வேண்டும் என்று அதன் செயலாளர் சேது வந்தான். தலைவர் பெயர் வேண்டாமே. சொன்னால் இன்றைக்கும் உங்களில் பாதிப் பேர் கும்பிடுவீர்கள், மீதிப் பேர் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவீர்கள்.

என் கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் கருப்பையா அண்ணன். எதிரிலேயே டீக்கடை போட்டிருந்தார். அவர் அந்த மீதிப் பேரில் ஒருவர். படம் சரியாக வராவிட்டால் இந்த வட்டாரத்தில் ஒரு போர்டு வேலையும் எனக்குக் கிடைக்காது என்று சேது மிரட்டிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் அண்ணன் வந்தார்.

"அந்த ஆளு இங்கன குடியிருந்தா நீ குடியிருக்க முடியாது, பாத்துக்க."

என்ன நிறம்?

சேது கொடுத்தது பத்திரிகையில் வெட்டிய கறுப்பு வெள்ளைப் படம். முகமெல்லாம் புள்ளி புள்ளியாக மை. அதை வைத்துக்கொண்டு மேனி நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எலுமிச்சம்பழ நிறம் என்று சேது சத்தியம் செய்தான். யாரும் கேட்காமலே அண்ணன் குரல் கொடுத்தார், அடுப்புக்கரி நிறமாம்.

நேரில் பார்த்தவர் ஒருவர் உண்டு, புதுமடத்தில் கருவாடு ஏற்றுமதி செய்யும் மரைக்காயர். மண்டபம் ஸ்டேஷனில் தலைவர் ரயிலை விட்டு இறங்கிப் பேசியபோது பக்கத்திலேயே நின்றாராம். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். மரைக்காயர் கண்ணை மூடி நன்றாக யோசித்தார்.

"பாத்தேன் தம்பி, நல்ல கறுப்பு. ஆனா இன்ஜின் புகை அப்பி அன்னைக்கு ஸ்டேஷன் மாஸ்டரும் கறுப்புத்தான், நானும் கறுப்புத்தான்."

கண் எங்கே?

போன சைக்கிளிலேயே குழம்பித் திரும்பி வந்து, மாநிறமாகக் கலந்து பூசினேன். அடுத்த வம்பு அங்கே ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் கண்ணைக் கடைசியில்தான் வைப்போம். உத்தரகோசமங்கையில் சாமி வாகனத்துக்கு வர்ணம் அடித்துப் பழகிய கை. நல்ல நேரம் பார்க்காமல் கண் திறக்காது. கடல் காற்றில் எண்ணெய் வர்ணம் லேசில் காய்கிறதா? முகம் காயட்டும் என்று கண்ணில்லாத தலைவரை வாசலில் சாய்த்து வைத்தேன்.

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. அண்ணன் தூண்டிவிட்டு நான் தலைவர் கண்ணைப் பிடுங்கிவிட்டேனாம்! ஒரு கோஷ்டி ஆமாம் என்றது, ஒரு கோஷ்டி இல்லை என்றது, இரண்டும் டீக் கிளாஸும் கையுமாகப் படத்துக்கு முன்னாலேயே நின்று கத்தின. சேது வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான். வழக்கத்தைச் சொல்லச் சொல்ல அவன் காதிலேயே வாங்கவில்லை. அண்ணன் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"விடு சேது. நாட்டுல நடக்குற எதையும் பாக்காத ஆளுக்குக் கண்ணு எதுக்குங்கிறேன்?"

நேர்ப் பார்வை, ஓரப் பார்வை

சேதுவைச் சமாதானப்படுத்திப் பஞ்சாங்கம் பார்த்துக் கண் வைத்தேன். நேர்ப் பார்வை. சகபாவிகளுக்குத் தெரியும், கண்ணை நேராக வைத்தால் பார்க்கிறவன் எந்த மூலையில் நின்றாலும் அவனையே பார்ப்பதுபோல் இருக்கும். அண்ணன் பாய்லர் பக்கம் நின்றார், தலைவர் பார்த்தார். பெஞ்சுப் பக்கம் நகர்ந்தார், அங்கேயும் பார்த்தார். பன் தட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு விடுவிடுவென்று ரோட்டைக் கடந்து வந்தார். "என் கல்லாவையே முறைக்கிறான். காலி பண்ணுலே கடைய!"

பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போவேன்? ஈரம் காய்வதற்குள் இரண்டு கருவிழியையும் ரயில்வே ஸ்டேஷன் பக்கமாகத் திருப்பிவிட்டேன். அண்ணன் முகம் தெளிந்தது. மறுநாள் காலையில் சேது வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தபடி உட்கார்ந்துவிட்டான்.

"என்னண்ணே இது? எங்க தலைவரு டிக்கெட் எடுக்காம வந்து செக்கிங்காரரைப் பாக்குற மாதிரில்ல முழிக்கிறாரு!"

காலி வாசல்

பார்த்தால் அவன் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. யாருக்குப் பயப்படுவது என்றே புரியவில்லை. கடை போனால் போகிறது, வரைந்த முகத்தைத் திருட்டு முழி முழிக்க வைத்து அனுப்ப என் கைக்கு மனசில்லை. கண்ணை மறுபடி நேராக்கிக் கொடுத்துவிட்டேன். சேது ஆட்கள் மாலை போட்டு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வாசல் வெறிச்சென்று ஆனது. எதிரே டீக்கடை பெஞ்சும் காலி. நான் பெயிண்டு டப்பாக்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. நின்று நின்று பார்த்துவிட்டு, அதேபோல் இன்னொரு படம் வரைந்து வாசலில் வை என்றார். "உங்க தலைவர் படமாண்ணே?" என்று கேட்டேன்.

"கூறு இருக்காலே உனக்கு? எங்க ஆளை வச்சா வாரவன் கும்பிட்டுட்டுப் போயிருவான், எவன் நின்னு சண்டை போட்டு டீ குடிப்பான்? அந்த ஆளையே வரை, நேராவே முறைக்கட்டும்!"

வரைந்து வைத்தேன், அந்தத் தலைவர் நாட்டுக்கு நல்லது செய்தாரா கெட்டது செய்தாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை, எதிரிக் கடைக்கு நல்லது செய்தார் என்று மட்டும் கோயிலில் சூடம் அணைத்துச் சொல்வேன்.