அரை அங்குல சாக்கெட்

இலங்கையில் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சண்முகராஜாவுக்குப் பைப் வேலை. மலை ஊற்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துரை பங்களாவுக்கும் தண்ணீர் போகிற இரும்புக் குழாய் முழுவதும் அவர் பொறுப்பு. எந்த மூட்டு எப்போது ஒழுகும் என்று அவருக்குத் தெரியும். பெண்சாதி எப்போது வருவாள் என்பதுதான் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் தகப்பனுக்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டு, கைக்குழந்தையோடு விசாலாட்சி திருச்சிக்குப் போனாள். ஒரு மாதத்தில் திரும்புவதாகத்தான் பேச்சு. காரியமெல்லாம் முடிந்து அவள் புறப்படுவதற்குள் சட்டம் மாறிவிட்டது. விசா இல்லாமல் கப்பல் ஏற முடியாது. இரண்டு முறை எழுதிப்போட்டும் கிடைக்கவில்லை. ஐந்து வருடம் ஆயிற்று. இடுப்பில் போன மகள் அங்கே பள்ளிக்கூடம் போகிறாள்.

அவர் போகலாம். போனால் திரும்ப முடியாது. அதற்கும் தயார்தான். ஆனால் போய் என்ன செய்வது? அவருக்கென்று இருந்தது ஒரு மரப்பெட்டி. அதில் இரண்டு பைப் ரெஞ்சு, ஒரு வாள், குழாய்க்கு மரை போடுகிற டைகள்.

ஃபாக்டரிக்கு ஒருமுறை ஜெர்மனியிலிருந்து எஞ்சின் வந்தது. அதன் நட்டுகளுக்குத் தோட்டத்து ஸ்பேனர் ஒன்றுகூடச் சேரவில்லை. ‘வேற நாட்டு அளவு’ என்று மெக்கானிக் கையை விரித்தார். அது சண்முகராஜாவின் மனதில் உட்கார்ந்துகொண்டது. இந்தியாவும் இப்போது வேறு நாடு. தபால்தலையில் ராஜா முகம் போய்விட்டது. கடலைத் தாண்டப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. குழாயின் மரை மட்டும் அப்படியேவா இருக்கும்? பொருந்தாத பெட்டியைச் சுமந்துபோய் மச்சான் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவரால் ஆகாது.

கடைசியில் அவளுக்கே எழுதினார்: ‘இரண்டு குழாயைச் சேர்க்கிற சாக்கெட், அரை அங்குலத்தில் ஒன்று அங்கே வாங்கி அனுப்பு.’

பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஹாஷிம் சரக்கெடுக்கத் திருச்சிக்குப் போய்வருகிறவர். சாக்கெட் அவர் கையில் வந்து சேர, வாங்கிக்கொள்ள சண்முகராஜா கடைக்குப் போனார்.

“வாங்க பைப்புகாரரே! ஊரு உலகத்துல பொண்டாட்டிமாரு முறுக்குச் சுட்டு அனுப்புவாங்க. உங்க வீட்டுல இரும்ப அனுப்பியிருக்காங்க.”

“கஸ்டம்ஸ்ல பிரிச்சாங்களா?”

“பிரிச்சு மோந்தும் பாத்தான். புருசன் பொஞ்சாதி சமாச்சாரம், விடுங்க ஐயான்னேன்.”

துணியில் கடிதமும் சுற்றியிருந்தது.

‘கடையில் மூன்று தினுசு காட்டினார்கள். எது இங்கே வீடுகளில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அண்ணன் வீட்டுக் குழாயிலேயே ஆள் வைத்துக் கழற்றி அனுப்பியிருக்கிறேன். குழாயில் கட்டை அடித்திருக்கிறது. அண்ணி குடத்தோடு தெருக்குழாயில் நிற்கிறாள், என்னோடு பேசுவதில்லை. சீக்கிரம் வந்து மாட்டவும்.’

அன்று மாலையே கொட்டகையில் அரை அங்குலக் குழாய் ஒன்றை இறுக்கிவைத்து, எண்ணெய் விட்டு, புதிதாய் மரை போட்டார். சாக்கெட்டை எடுத்துத் துடைத்தார். உள்ளே வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படிந்திருந்தது. இந்த மலைத் தண்ணீரில் அப்படிப் படியாது. அவளும் பிள்ளையும் ஐந்து வருடமாகக் குடிக்கிற தண்ணீர். விரலால் தடவிப் பார்த்தார்.

பிறகு குழாயின் வாயில் வைத்துத் திருப்பினார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. கையாலேயே ஏறியது. நாலாவதற்கு ரெஞ்சு போட்டார். ஆடவில்லை. கழற்றி மறுபடியும் மாட்டினார். மறுபடியும் ஏறியது.

முதல் வருடமே கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு கலைந்ததும் ஆபீசுக்குப் போனார். பெரிய கிளாக்கர் இளையதம்பி யாழ்ப்பாணத்துக்காரர். இந்தியாவுக்குப் போகிற விண்ணப்பத்தை மேசையில் விரித்துக்கொண்டார்.

“போனால் திரும்பி வரேலாது, சண்முகராஜா. யோசிச்சுத்தானே கேக்கிறீர்?”

“அஞ்சு வருசமா யோசிச்சாச்சுங்க ஐயா.”

“போற காரணம் எண்டு ஒரு கேள்வி கிடக்கு. என்னெண்டு எழுத?”

“மச்சான் வீட்டுல தண்ணி நின்னுபோச்சுங்க. கொழாய் மாட்டணும்.”

இளையதம்பி பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். “விசர்க் கதை கதையாதையும். பாஸ்போர்ட் கந்தோரில சிரிப்பாங்கள்.”

“அப்ப நீங்களே நல்லதா ஒன்னு எழுதுங்க. சீக்கிரம் போகணுங்க.”

இளையதம்பி ஏதோ எழுதினார். மையை ஒற்றினார். ஜன்னலுக்கு வெளியே மலையை ஒருமுறை பார்த்தார்.

“அது சரி, இஞ்சத்தைத் தண்ணியை இனி ஆர் பாக்கிறது?”

சண்முகராஜா மேசைப் பக்கம் குனிந்தார். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார்.