ஆபீஸ் பேண்ட்டில் எண்ணெய்க்கறை

சித்தப்பா ஆபீசுக்குத்தான் போகிறாரா என்று நான் சந்தேகப்பட்டதற்கு அவருடைய பழைய காமிக்ஸ்களே காரணம். பரணிலிருந்து அவற்றைக் கட்டோடு அவரே இறக்கித் தந்திருந்தார். அவற்றில் பகலில் குமாஸ்தாவாகத் திரிகிற எவனும் நிஜத்தில் குமாஸ்தா இல்லை. நல்லவனும் முகமூடி போட்டான், கெட்டவனும் போட்டான். ஒருவன் பிறரைக் காப்பாற்ற, இன்னொருவன் பிறரை ஏமாற்ற. எவன் எந்த ரகம் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும்.

சித்தப்பா தென்காசியில் ஏதோ ஆபீஸ் என்று தினமும் இஸ்திரி மடிப்போடு கிளம்புவார். குற்றால சீசன் வந்ததும் ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீஸ் திறந்திருக்கிறது? திரும்பி வரும்போது பேண்ட்டின் முட்டியில் எண்ணெய்க்கறை வேறு. ஆபீஸ் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் கடையத்திலிருந்து சித்தியைக் கட்டி வைத்திருந்தார்கள்.

பள்ளியில் குற்றாலம் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனபோது விஷயம் வெளியே வந்தது. ஆபீஸ் பேண்ட்டும் பனியனுமாக முட்டி போட்டு, மசாஜுக்குப் படுத்திருந்த ஒரு குண்டு மனிதரின் முதுகில் எண்ணெயை ஊற்றித் தொம் தொம்மென்று அடித்துக்கொண்டிருந்தார் சித்தப்பா. என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

“ஏட்டி, வீட்டுல மூச்சு விடாத. ஆபீஸ எப்பவோ மூடிட்டாவ. உங்க சித்திக்குத் தெரிஞ்சா ஊரப் பாக்கப் போயிருவா.”

எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பொய் சொல்கிறார்தான், ஆனால் யாரையும் கொள்ளையடிக்கவில்லை. எந்த ரகத்தில் சேர்ப்பது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தும் தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை.

மறுநாள் சித்தி துணி துவைக்கையில் அந்தப் பேண்ட்டை முகர்ந்து பார்த்தாள்.

“ஏட்டி, உங்க சித்தப்பா ஆபீஸ்ல என்ன வேல பாக்காவ?”

“ஃபைல் பாக்காவ.”

“ஃபைலுக்கு எண்ண தேய்ப்பாவளோ?”

அவள் குழாயடியில் குனிந்து அந்த முட்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். இன்றைக்குப் பெட்டி கட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் கட்டவில்லை. காலையில் சித்தப்பாவின் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒரு பழைய கைலியை மடித்து வைத்தாள். சித்தப்பா பையைத் திறந்து பார்த்தார், மூடினார். அவர் செருப்பை மாட்டத் தெரியாதவர்போல வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கண்டுபிடித்த பிறகும் சண்டை போடாத ஒருத்தியை எந்தக் காமிக்ஸிலும் நான் பார்த்ததில்லை. இதில் ஏதோ சதி இருக்கிறது என்று முடிவு கட்டினேன். சித்தி யாருடைய ஆள் என்று தெரிந்துகொள்ள, அந்தச் சீசன் முழுக்க அவளையே வேவு பார்த்துக்கொண்டிருந்தேன்.