பீடத்தில் கிடந்த போன்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் இதை நம்பாவிட்டாலும் கோபிக்க மாட்டேன், அன்றைக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் அக்கா ரெஜினா வீடு பியர்பொன்ட்ஸில். அவளுடைய கணவர் அன்ரன் அத்தான் பக்கத்து நகரமான லவாலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார், மறுநாள் இதய ஆப்பரேஷன். அதற்கு முன் வீட்டுச் செபமாலையில் வீடியோவில் சேர வேண்டும், அது ஒன்றுதான் கேட்டார். ஆஸ்பத்திரி வைஃபை வீடியோ அழைப்பை விடவில்லை. நான் கம்ப்யூட்டர் வேலைக்காரி, ஆகவே அந்தத் தடையைத் தாண்ட ஓப்பன் சோர்ஸ் விபிஎன் ஆப் ஒன்றை அவருடைய போனில் போட்டு அக்கா வீட்டு இணைய இணைப்போடு சேர்த்துவிட்டேன். இணைப்புக்கான கியூஆர் கோட் படத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று அக்காவுக்கும் அனுப்பினேன். ஒரு கோட் ஒரு போனுக்குத்தான், இன்னொரு போன் அதையே எடுத்தால் ஒன்று மற்றதைத் தள்ளிவிடும்.

அக்கா அதைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டாள்.

“நல்ல சாமான் எண்டால் எல்லாருக்கும் குடுக்கிறதுதானே,” என்றாள்.

செபமாலைக்கு வந்த அத்தனை பேரும் ஸ்கேன் பண்ணியிருந்தார்கள். அத்தானின் படம் வந்து வந்து அறுந்தது. எல்லாருடைய போனையும் வாங்கி அந்த இணைப்பை அழித்தேன். சீ, என்ன ஊத்தைப் போன்கள். மீன்பொரியல் எண்ணெய், வேர்வை, ஒன்றில் காய்ந்த சோற்றுப் பருக்கை. பிறகு ‘அத்தான் மட்டும்’ என்று பெயர் வைத்துப் புதுக் கோட் ஒன்று செய்து, அவருக்கு மட்டும் அனுப்பினேன்.

அத்தானுக்கு எங்களைக் காட்ட அக்காவின் போனை எங்களுக்குப் பின்னால் சோபாவில் சாய்த்துவிட்டு வீட்டுப் பீடத்தைப் பார்த்து முழந்தாளிட்டோம். முதல் பத்து மணி முடியமுன் அத்தானின் படம் மறுபடியும் அறுந்தது. அவர் இல்லாமலே செபமாலை முடிந்தது. அக்கா அழுதாள்.

பீடத்தில் மாதா சுரூபத்தின் காலை முத்தி செய்ய உதட்டைக் குவித்துக் குனிந்தபோதுதான் அந்த நாற்றம் அடித்தது, அழுகின கணவாய் மீன் மாதிரி. சுரூபத்துக்குப் பின்னால் செபமாலை சுற்றிய ஒரு போன். அத்தானின் தகப்பனுடையது, அவருடைய குரல் பதிவுகள் அதில் இருக்கின்றன என்று பீடத்தில் வைத்திருந்தார்கள். மனிசன் போன பனிக்காலத்திலேயே செத்துவிட்டார். போனின் முதுகு வீங்கி, மண்ணிறமாக ஏதோ வழிந்து கமராவை மூடியிருந்தது. என் விரல் அதில் ஒட்டிக்கொண்டது. போன் சுட்டது. திரையில் அதே விபிஎன் ஆப், இணைப்பில் இருந்தது. கீழே ‘அத்தான் மட்டும்’ என்ற பெயர்.

குசினிக்குள் ஓடி, பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தின்றதெல்லாம் சத்தி எடுத்தேன். போனைப் பையில் கட்டி வெளியே பனிக்குள் வைத்தோம். அந்தப் போனை யாரும் சார்ஜ் பண்ணியதே இல்லை என்று அக்கா சத்தியம் பண்ணினாள்.

ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. பார்க்கப் போனபோது அத்தான் என் கையைப் பிடித்தார்.

“செபமாலை முழுக்கப் பாத்தன் பிள்ளை.”

“அது அறுந்து போச்சே அத்தான்.”

“இல்லையே. நீங்கள் எல்லாரும் என்னைப் பாத்துத்தானே செபிச்சனீங்கள். கொக்கா ரெஜினா அழுததும் வடிவாத் தெரிஞ்சுது. ஓரத்தில மட்டும் என்னவோ மண்ணிறமா வழிஞ்சுகொண்டு இருந்தது.”

சோபாவில் இருந்த போனுக்கு எங்கள் முதுகு மட்டும்தான் தெரியும், முகம் பீடத்துப் பக்கம். நான் கையை மெல்ல இழுத்துக்கொண்டேன். எத்தனை தரம் கழுவினாலும் அந்த விரலில் இன்றைக்கும் பிசுபிசுப்பு இருக்கிற மாதிரியே இருக்கிறது.