பஸ் பிள்ளைகள் போன பிறகு

எங்களை யாரும் விரட்டவில்லை. விரட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அன்பாக அனுப்பிவைத்தார்கள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போக நினைக்கிறவர்களுக்கென்று எங்கள் பள்ளியில் சனிக்கிழமைதோறும் மாலையில் வேதியியல் சிறப்பு வகுப்பு வைத்தார்கள். பள்ளி பாளையங்கோட்டையில். சீவலப்பேரியிலிருந்து நானும் என் தோழியும் டவுன் பஸ்ஸில் வருவோம். வேதியியலில் பட்டம் வாங்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே கிடையாது. எங்கள் வீட்டில் எல்லாரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். இந்த வகுப்பை விட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு இடமில்லை.

ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமானதும் சார் சாக்பீஸை வைத்துவிட்டு, "பஸ் பிள்ளைகள்லாம் கெளம்புங்க. பைய, பாத்துப் போங்க" என்பார். வெளியூர்க்காரர்கள் பையைத் தூக்குவோம். என்ன அக்கறையான மனுஷர் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை குடையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி ஓடினேன். வகுப்பறையில் யாரும் இல்லை. ஆய்வகத்தில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தால், டவுன் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பியூரெட்டின், அடியில் திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாயின், முன்னால் நிற்கிறார்கள். ஒருத்தி பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையை ஆட்டுகிறாள். இளரோஸ் நிறம் மறையாமல் நின்றதும், "சார், வந்துட்டு!" என்று கத்துகிறாள். எனக்கு அந்தப் பியூரெட் கரும்பலகையில் சார் வரைந்த இரண்டு கோடு, அவ்வளவுதான்.

சார் என்னைப் பார்த்துவிட்டார். "ஏ பிள்ள, இன்னுமா போகல? பஸ்ஸு போயிரும்லா."

"எங்களுக்கு எப்பம் சார் இது?"

"ஒங்களுக்கு எதுக்குச் செரமம்? ஊரு போய்ச் சேரவே நேரமாயிருது. செய்முறைத் தேர்வுல மார்க்க முழுசாப் போட்டுருதேன். கவலப்படாத."

"மார்க்கு வேண்டாம் சார். கையால செய்யணும். வகுப்ப முன்னாடியே ஆரம்பிங்க."

"நேரத்த நானா வைக்கேன்? அதெல்லாம் மாத்த முடியாது."

செய்யாத சோதனைக்கு முழு மார்க் போடுவாராம். அதைத் தர்மம் மாதிரிச் சொல்கிறார்! பஸ்ஸில் வழியெல்லாம் தோழியிடம் பொரிந்து தள்ளினேன்.

அடுத்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் வகுப்புக்குள் போகவில்லை. ஆய்வகக் கதவின் முன்னால் போய் நின்றோம். மற்ற பஸ் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முதலில் எங்களுக்கு இது, பிறகுதான் பாடம் என்றேன். சார் முறைத்தார், முனகினார், கடைசியில் திறந்துவிட்டார். நான் பியூரெட்டின் திருகை ஒரேயடியாகத் திருப்பிவிட்டேன், இளரோஸைத் தாண்டிக் குடுவை ஊதாவாகிவிட்டது.

"பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்" என்றார் சார். எதற்குச் சொன்னார்? பழகாத கைக்கு வராது என்பதற்கா? பழகவிடாதது யார்?

எங்களுக்கு ஆய்வகம், பிறகு எல்லாருக்கும் பாடம், அதற்குப் பிறகு டவுன் பிள்ளைகளுக்கு ஆய்வகம் என்று ஆனதால் அவர்கள் வீட்டுக்குப் போக இருட்டிவிட்டது. மறுவாரமே ஒரு பையனின் அப்பா, ஜங்ஷனில் கடை வைத்திருப்பவர், பைக்கில் வந்து இறங்கினார்.

"என்ன சார் இது? பிள்ளைய இம்புட்டு நேரமா வச்சிருக்கது?"

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. அடுத்த வாரத்துலருந்து மதியமே ஆரம்பிச்சிருதேன்" என்றார் சார். யோசிக்கக்கூட இல்லை. யாரிடமும் போய்க் கேட்கவும் இல்லை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோழி கையைப் பிடித்து இழுத்தாள். "நமக்கும் நல்லதுதானட்டி. யாருக்காக மாத்துனா என்ன?"

நல்லதுதான். ஆனால் நாங்கள் கேட்டபோது மாற்ற முடியாத நேரம் அது.

அடுத்த சனிக்கிழமை மதியமே ஆய்வகம் திறந்திருந்தது. கோபம் ஆறாமலேயே பியூரெட்டின் முன்னால் போய் நின்றேன். சொட்டுச் சொட்டாக விட்டேன். இளரோஸ் வந்து நின்றது. சார் குனிந்து பார்த்துவிட்டு, "வெரி குட்" என்று சிரித்தார்.

நான் தேங்க்ஸ் சொல்லவில்லை. குடுவையைக் கழுவிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.