கதிரையில் இருந்தபடி பதினெட்டாயிரம் காலடி

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில், அறுபது தாண்டியவர்களில் என்னைப்போல நடந்த ஆள் கிடையாது. ஒரே நாளில் பதினெட்டாயிரம் காலடி.

பொய். அன்று கதிரையை விட்டு நான் எழும்பியதே இரண்டு தரம். இரண்டும் தேத்தண்ணிக்கு.

சீனி வருத்தக்காரக் கிழடுகளை நடக்க வைக்க எங்கள் கிளினிக்கில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். காலையில் எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டும். ஆளுக்கொரு மணிக்கூடு தந்தார்கள். கையில் கட்டினால் வைக்கிற காலடியை அதுவே எண்ணும். பின்னேரம் அந்தக் கணக்கைப் போனில் குழுவுக்கு அனுப்பினால், முதலாவதாக வந்தவருக்குக் கிளினிக் தாதி மிஸ் கைதட்டும் படம் போடுவார்.

எனக்குத் தனியாக நடந்தால்தான் சரிவரும் என்று சொல்லிவிட்டு, நான் வீட்டில் இருந்து கிழிந்த வலை பொத்தினேன். குத்தி, இழுத்து, முடிச்சுப் போட்டு, மறுபடி குத்தி, இழுத்து. மத்தியானம் பார்த்தால் ஒன்பதாயிரம்! கை ஆடுவதைக் கால் நடப்பதாக மணிக்கூடு எண்ணியிருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே அதன் மூளையை நினைக்கப் பாவமாக இருந்தது. ஆனால் திருத்தப் போகவில்லை. பக்கத்து வீட்டு வலையையும் வாங்கிவந்து பொத்தினேன்.

ஒரு மாதம் நான்தான் முதலாவது. கிண்ணியாவிலிருந்து வந்து மகள் வீட்டில் தங்கியிருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவரும் குழுவில் இருந்தார். அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். என்னைவிட நாலு வயது மூப்பு, பொல்லை ஊன்றிக்கொண்டு ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் உண்மையாகவே நடப்பார். நாலாயிரத்தைத் தாண்டமாட்டார்.

"தம்பி, நீ நடக்கிறதை ஒருநாளும் நான் காணேல்லையே?"

"நான் போற வேகத்துக்கு எப்பிடிக் காக்கா காணுவீங்கள்?"

பிறகு இரத்தம் பார்த்தார்கள். காக்காவுக்குச் சீனி இறங்கியிருந்தது. எனக்கு ஏறியிருந்தது. மிஸ் முடிவு எழுதிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இவ்வளவு நடந்தும் இறங்கேல்லை எண்டால் இனிக் குளிசை மட்டும் விழுங்கிக் காணாது. டொக்டர் ஊசி எழுதப்போறார். ஒவ்வொரு நாளும் நீங்களே வயித்தில குத்தோணும்."

திருக்கை முள் ஏறியும் கத்தாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பரப்பியவனும் நான்தான். அந்த இடத்திலேயே வேர்த்துக் கொட்டியது.

"மிஸ், நடந்தது நான் இல்லை. வலை."

எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் காக்காவின் பொல்லு கீழே விழுந்தது.

"ஒரு மாசமா உன்ர வலையோடயா நான் போட்டி போட்டனான்? மூச்சு முட்ட முட்ட ஏறினனான்டா!"

மிஸ் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றிக் கணுக்காலில் கட்டிவிட்டார்.

"இனி வலை பொத்துங்கோ பாப்பம். டொக்டரிட்டக் கேட்டு ஒரு மாசத் தவணை வாங்கித் தாறன். அதுக்குள்ள இறங்காட்டி ஊசிதான்."

அன்றிலிருந்து காக்காவுக்குப் பின்னால் நடக்கிறேன். முன்னால் போக ஏலாது. எழுபது வயதுப் பொல்லுக்காரரைப் பிடிக்கவே எனக்கு நாக்குத் தள்ளுகிறது. குழுவில் நான் கடைசி. கடைசி ஆளுக்கு மிஸ் படம் போடுவதில்லை.

இன்று மாதம் முடிந்தது. விடிய இரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கிளினிக் வாங்கில் குந்தியிருந்து கொப்பியில் இதை எழுதுகிறேன். நேற்று அந்த ஏற்றத்தில் எங்கேயும் நிற்காமல் உச்சிவரை போனேன். இது பொய்யில்லை, காக்காவே சாட்சி. மேலே போனதும் அவர் என்னைப் பார்த்து...

"தம்பி! கொப்பியை மூடு. மிஸ் உன்ர துண்டோட நிண்டு கூப்பிடுறா."

"மிஸ்ஸின்ர முகம் எப்பிடி இருக்கு காக்கா?"

"எனக்கென்ன தெரியும்? என்ர மூக்குக்கண்ணாடி வீட்டில. எழும்பி வா!"