நாற்பது நிமிடக் குரல்

எங்கள் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் மேல்மாடியிலிருந்து கீழே வரை சுவரை ஒட்டி ஓடுகிறது. மூன்றாம் மாடியில் கரண்டியால் அதைத் தட்டினால், இரண்டாம் மாடியில் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கேட்கும். அந்தத் தட்டலுக்காக நான் மூன்று வருடம் மாடியேறினேன். ஏறும்போதெல்லாம் திட்டிக்கொண்டேதான் ஏறினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னை யாரும் புண்ணியவதி என்று நினைத்துவிடக் கூடாது.

தட்டியவர் மொன்ஜி. குசூர் எஸ்ஸாஃப் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். நாலு வயதில் அம்மை வந்து இரண்டு கண்ணும் போயிற்று. பார்வையற்றோர் பள்ளியில் படிக்க இங்கே சூஸ் நகரத்துக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. ஆலிவ் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் டெலிபோன் ஆபரேட்டர். இருநூறு இணைப்புகளையும் விரல் நுனியில் வைத்திருந்தார். "லைன்லயே இருங்க, வெச்சிடாதீங்க" என்று ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ! கடைசியில் கம்பெனிக்காரர்கள் ஒரு மெஷினை வைத்தார்கள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அது சொல்ல ஆரம்பித்ததும் இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ஃபாக்ஸ் கிளையில் ஒரு பெண் ஆபரேட்டர் இருந்தாளாம். பதினோரு வருடம் தினமும் காலையில் இருவரும் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். ஒரு நாள் அந்த லைனில் வேறு குரல் வந்தது.

"விசாரிக்கலையா, ஸீ மொன்ஜி?" என்று கேட்டேன். பெரியவர்களை நாங்கள் மரியாதைக்கு 'ஸீ' சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

"என்னன்னு விசாரிக்கிறது? பேர் தெரியாதே" என்றார். பிறகு எனக்குக் கோபம் வருகிற மாதிரி சிரித்தார்.

அவருக்குக் கம்ப்யூட்டர் அனுப்பியது அவருடைய அக்கா மகன் அனிஸ். வெளிநாட்டில், லியோனில் வேலை பார்க்கிறவன். அவன் பழைய விண்டோஸ் மடிக்கணினியில், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற ஒரு புரோகிராமின் ட்ரையலைப் போட்டு அனுப்பியிருந்தான். விலைக்கு வாங்குவதென்றால் மொன்ஜியின் பென்ஷனில் நினைத்தும் பார்க்க முடியாது. ட்ரையல் ஓசி. ஆனால் அதற்கு ஒரு கிறுக்கு உண்டு: நாற்பது நிமிடம் பேசும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் இன்னொரு நாற்பது நிமிடம். அப்படிப் போடும்போது, வாங்குகிறாயா, ட்ரையலே போதுமா என்று ஒரு கட்டம் வந்து கேட்கும். அதற்குப் பதில் சொல்லும் வரை குரல் வராது.

"ஊமையா இருக்கிறப்போ என்ன கேக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுள்ள ஆள் வேணும்" என்றார். கண்ணுள்ள ஆள் நான்தான். திரைச்சீலை தைக்கிறவள், புருஷன் போனவள், நாள் முழுக்க வீட்டில் இருக்கிறவள்.

தட்டல் கேட்கும். கையில் பிடித்திருக்கிற துணி ஓரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவேன்.

"உன் முட்டி சத்தம் ஆறாவது படியிலேயே கேட்டுது, பெஹிஜா. எண்ணெய் போடு."

"எண்ணெய்க் கம்பெனியில இருந்தவர் நீங்கதானே, ஒரு டப்பா கொண்டு வந்திருக்கலாம்ல?"

"உனக்கு டப்பா பத்தாது, டாங்கர் வேணும்."

நான் பொத்தானை அழுத்துவேன். குரல் வரும். வானொலியில் செய்தி வாசிக்கிறவர்கள் எந்த வார்த்தையைத் தப்பாக உச்சரித்தார்கள் என்று நிலையத்துக்கு நீண்ட புகார்க் கடிதம் எழுதுவதுதான் அவருடைய முக்கிய வேலை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவார். டீ போடச் சொல்வார். போட்டால் சர்க்கரை குறைச்சல் என்பார். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நன்றி என்று சொன்னதில்லை. நான் கிளம்பினால் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான்.

போன வசந்தத்தில் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று காபெஸுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன். வந்த அன்றே மேலே போனேன். மனிதர் ஏழு கடிதம் எழுதி முடித்திருந்தார்.

"யார் வந்து அழுத்திக் கொடுத்தாங்க?"

"யாரும் வரலை. ரெண்டு தட்டு, அப்புறம் பெரிய பொத்தான்ல ஒரு தட்டு. இதுல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இருநூறு இணைப்பை விரலில் வைத்திருந்த மனிதருக்கு மூன்று தட்டு தெரியாதா? மூன்று வருடமாக ஒரு கிழவியைச் சும்மா மாடியேற விட்டிருக்கிறாரே! அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அனிஸுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, உன் மாமாவுக்கு முழுசா பேசுற ஒண்ணை வாங்கிக் கொடுப்பா. நாப்பது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஏறி இறங்கி என் முட்டி தேஞ்சு போச்சு."

"ஐயோ, எனக்குத் தெரியாதே அத்தை. நான் பாத்துக்கறேன்" என்றான். நல்ல பையன். கோடை விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஆப்பிள் மடிக்கணினி கொண்டு வந்தான்.

மொன்ஜி அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "அந்தப் புரோகிராம் இதுல இருக்கா?"

"அது விண்டோஸுக்கு மட்டும்தான் மாமா. இதுக்கு அதோட ட்ரையல் கிடையாது, தேவையும் இல்லை. பேசுற குரல் இதுக்குள்ளயே இருக்கு, இலவசம்."

"நாப்பது நிமிஷம் ஆனா?"

"பேசிட்டே இருக்கும்."

"நிக்கவே நிக்காதா?"

"நிக்காது. பெஹிஜா அத்தைதான் போன்ல சொன்னாங்க, மாடியேறிக் கஷ்டப்படுறாங்களாம். இனிமே அவங்களுக்குத் தொந்தரவே இல்லை."

மொன்ஜி முகத்தை என் பக்கம் திருப்பினார். நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்கு எப்போதும் தெரியும். "அப்படியா. ரொம்ப நல்லது" என்றார். கம்பெனி போனில் பேசுகிற குரல் அது. அதற்கு முன்னால் என்னிடம் அவர் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

அதற்குப் பிறகு குழாய் தட்டப்படவில்லை. மேலே குரல் மட்டும் காலையிலிருந்து மாலை வரை ஓடிக்கொண்டிருந்தது. முதல் வாரம் சுகமாக இருந்தது. ஒரே மூச்சில் ஆறு ஜன்னலுக்குத் தைத்தேன். இரண்டாவது வாரம், மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு நான் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கே உறைத்தது. மேலே போகலாம் என்றால், என்ன சொல்லிக்கொண்டு போவது? தொந்தரவு என்று புகார் செய்தவள் நான்தானே.

இலையுதிர் காலத்தில் ஒரு மாற்றம் வந்தது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் குரல் நின்றுவிடும். தூங்குகிறார் என்று நினைத்தேன். மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். வயசாகிறது, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் நின்ற குரல் ஐந்து மணி ஆகியும் வரவில்லை. முட்டியை மறந்து ஓடினேன். கதவு தாழிடாமல் இருந்தது. மொன்ஜி மேசை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு டம்ளர். இரண்டிலும் டீ ஆறிப்போயிருந்தது.

"என்ன ஆச்சு? குரல் நின்னு போச்சா?"

"நான்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"முன்னெல்லாம் நாலு மணி வாக்குல நின்னா நீ வந்து டீ போடுவியே, அதான். இன்னியோட பத்தொன்பது நாளா நிறுத்துறேன்."

பத்தொன்பது நாளும் அந்த மௌனம் என் காதில் விழுந்திருக்கிறது. பத்தொன்பது நாளும் நான் மடிப்பு மடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறேன். அழுகை வந்தது, அதைக் கோபமாக்கித்தான் எனக்கு வெளியே விடத் தெரியும்.

"குழாயைத் தட்டறதுக்கு என்ன கேடு உங்களுக்கு? கை இல்லையா?"

"கெட்டுப் போகாத சாமானுக்கு எந்த மூஞ்சியோட தட்டறது, பெஹிஜா?"

நான் உட்கார்ந்தேன். ஆறிப்போன டீயைக் குடித்தேன். சர்க்கரை குறைச்சலாக இருந்தது, என் ருசிக்குப் போட்டிருக்கிறார். நான்தான் புகார் செய்தேன், நீங்கள் ஏமாற்றுகிறீர்கள் என்று நினைத்தேன், எனக்குப் புத்தியில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏமாத்தினது நிஜம்தானே" என்றார்.

அன்றே அனிஸைக் கூப்பிட்டேன். "தம்பி, அந்த நாப்பது நிமிஷ ட்ரையலை இந்த மெஷின்ல போட முடியுமா?"

"அத்தை, எல்லாரும் அதுலேர்ந்து தப்பிக்கத்தான் பாக்கிறாங்க. இந்த மெஷினுக்கு அது கிடையவே கிடையாது."

"பழைய பெட்டி?"

"மாமா யாருக்கோ கொடுத்துட்டாராமே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாராம்.

இப்போது தினமும் நாலு மணிக்கு மேலே போகிறேன். தட்டலுக்குக் காத்திருப்பதில்லை. மொன்ஜி எனக்காகக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல நாற்காலியை எனக்குத் தருகிறார். என் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வானொலிக் கடிதங்களைப் படித்துக் காட்டச் சொன்னால், உனக்கு எதற்கு அந்தத் தொந்தரவு என்கிறார். டாங்கர் வேணுமா என்று நானே ஒரு நாள் கிண்டலை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். மரியாதையாகச் சிரித்தார்.

நான் கிளம்பும்போது எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு கதவு வரை வருகிறார். "வந்ததுக்கு ரொம்ப நன்றி, பெஹிஜா" என்கிறார், ஒவ்வொரு நாளும்.