தொட்டிக்குள் நடக்கிறவள்

வெங்கடம்மாள் மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, நிஜமாகவே நின்றதா என்று குழாயின் பக்கம் காதைக் கொண்டுபோனாள். பிறகு புறங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். நேற்றைய சூடுதான். நேற்றைய சூடு இன்றைக்கும் எப்படி அச்சாக அப்படியே வரும் என்று அதையும் யோசித்தாள். நைட்டிக்கு மேல் துண்டை இறுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி தொட்டிக்குள் இறங்கினாள். நெஞ்சளவு தண்ணீர்.

வெங்கடம்மாளுக்கு அருப்புக்கோட்டையில் விசைத்தறிப் பட்டறை வேலை. நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. பட்டறைக்காரர் ஜெகதீஸ்வரன் அவளைத் தறியிலிருந்து எடுத்து, உட்கார்ந்து நூல் சுற்றும் வேலையில் போட்டிருக்கிறார். "நிக்க முடியும்னு தோணுனா வந்து சொல்லும்மா, தறி தாரேன்." அவளுக்குத் தறிதான் வேண்டும். நூல் சுற்றுகிற கூலியில் பாதி மாதம்தான் ஓடுகிறது.

வெந்நீரில் நடக்கச் சொன்னது ஷஹீனா. வீரசோழனிலிருந்து தினமும் பஸ்ஸில் டவுனுக்கு வந்து, வலிக்காரர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண்.

"தண்ணி ஒடம்பைத் தூக்கிக்கிரும்மா. முட்டியில பாரம் எறங்காது. சூடு நரம்பை எளக்கிவிடும்."

"ஏன், மாத்திரை தீந்துபோச்சாக்கும்?" என்றாள் வெங்கடம்மாள்.

குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற ஊரில் நெஞ்சளவு வெந்நீருக்கு எங்கே போவது? கூட உட்கார்ந்து நூல் சுற்றும் காளீஸ்வரிதான் வழி சொன்னாள். அவள் வீட்டுக்காரர் பால்பாண்டிக்கு விருதுநகர் ரோட்டில் கத்தரித் தோட்டம் இருக்கிறது. ஆழமான போர்க் கிணறு, தண்ணீர் வெதுவெதுவென்றுதான் வரும். விடிகிற நேரம் மும்முனைக் கரண்டு வந்ததும் தொட்டியை நிரப்பி, அப்புறம்தான் செடிக்கு விடுவார்.

காசு வேண்டாம் என்று பால்பாண்டி சொன்னபோதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. சும்மா எவன் கொடுப்பான்? அவர் நீட்டுகிற காபியை வாங்குவதில்லை. பதிலுக்குத் தொட்டியின் பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுப் போகிறாள், யாருக்கும் கடமைப்படாமல்.

தண்ணீருக்குள் முன்னால் நடப்பாள். நண்டுபோலப் பக்கவாட்டில் நடப்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் நீட்டுவாள். அங்கே வலி தெரிவதில்லை. அதுதான் அவளை உறுத்தியது. போன வலி எங்கே போயிருக்கும்? கரையில் செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நடந்தபடியே முழங்காலை வீட்டுத் தெலுங்கில் திட்டுவாள். வெளி ஆட்களிடம் பேசுவதெல்லாம் தமிழ்தான். முழங்கால் வீட்டு ஆள்.

இரண்டு மாதத்தில் பஸ் படியைக் கம்பி பிடிக்காமல் ஏற முடிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

"வலி எப்படிக்கா இருக்கு?" என்று பால்பாண்டி வரப்பிலிருந்து கேட்பார்.

"அப்படியேதான் இருக்குப்பா."

குறைந்தது என்றால், அப்புறம் தண்ணீர் எதற்கு என்பார். ஜெகதீஸ்வரனிடம் சொன்னால் தறியைக் கொடுத்துவிடுவார். திரும்ப வலி வந்தால் நூல் சுற்றுகிற இடமும் போயிருக்கும். ஷஹீனாவிடமும் அதே பதில்தான்.

ஒரு நாள் விடிகாலையில் போனால் தொட்டி காய்ந்துகிடந்தது. குழாயை நேரே பாத்திக்குத் திருப்பிவிட்டிருந்தார்.

"தொட்டி வெடிச்சிருக்குக்கா. பூசணும்."

சுவரைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தாள். ஒரு வெடிப்பும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். வீட்டில் வாளி வெந்நீரை மொண்டு மொண்டு முழங்காலில் ஊற்றினாள். நாலைந்து நாளில் பஸ் கம்பியைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

பட்டறையில் காளீஸ்வரிதான் போட்டு உடைத்தாள். "எங்க வீட்ல அவுக ஒங்க மேல ஐயப்படுறாகக்கா. ரெண்டு மாசமா வலி அப்படியே இருக்குங்கிறீக, ஆனா ஒருநாள் தப்பாம வாரீக. குமாரலிங்கபுரத்துல மில்லு வருதுன்னதுல இருந்து எடம் பாக்க ஆளுக அலையிறாக. போர்ல எம்புட்டுத் தண்ணி ஊறுதுன்னு பாக்க ஒங்களை யாரோ அனுப்பிருக்காகன்னு அவுகளுக்கு நெனப்பு. தண்ணிக்குள்ள நின்னு தெலுங்குல வேற பேசுறீகளாம். போன்ல யார்கிட்டயோ தாக்கல் சொல்றீகன்னு நெனச்சுக்கிட்டாக."

"நைட்டியில எங்கடி போனை வைப்பேன்?"

"அதை என்கிட்ட கேட்டா?"

சாயங்காலம் வேலை விட்டதும் நேரே தோட்டத்துக்குப் போனாள். பால்பாண்டி பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காததுபோலக் குனிந்துகொண்டார்.

"என்னை யாரும் அனுப்பலப்பா."

"நான் அப்படிச் சொன்னேனாக்கா?"

வலி குறைந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. இத்தனை நாள் இல்லை என்றதை இன்றைக்கு ஆமாம் என்றால் இவர் ஏன் நம்ப வேண்டும்? தன்னிடம் ஒருத்தி இப்படி வந்து சொன்னால் தானே நம்பமாட்டாள்.

சேலையைத் தூக்கிச் செருகினாள். அவருக்கு எதிரே பாத்தி ஓரத்தில் முழுசாகக் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு கொத்துக் கோரையை வேரோடு பிடுங்கி அவர் பக்கம் போட்டாள். பிறகு கையைத் தரையிலோ தொடையிலோ ஊன்றாமல் எழுந்து நின்றாள். இடது முழங்கால் சுரீரென்றது. முகத்தில் காட்டவில்லை.

பால்பாண்டி கோரையைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார்.

மறுநாள் கரண்டு கொஞ்சம் தாமதமாக வந்தது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. வெங்கடம்மாள் இறங்கி நடந்தாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று பட்டறைக்குப் போய் ஒரு தறி கேட்டாள். ஜெகதீஸ்வரன் கொடுத்தார். மத்தியானம் வரை நின்றாள். அதற்குமேல் வலித்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, தறி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.